படத்துக்கு முன்னால் கழற்றிய ஷூ

1

இந்த வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "வீரர் மூர்த்தி அவர்களே, மறுபடியும் ஓடத் தயாரா?" என்று ஆரம்பித்திருந்தார்கள். வீரராம்! விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் நகரத் தொடங்கினாலும் கையிலிருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிற ஆள் நான். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினவன் இல்லை. போன கோடையில் ஒரே ஒரு தடவை ஓடினேன். அதற்குள் என்னை வீரர் பட்டியலில் சேர்த்து, கட்டணத்தில் சலுகையும் அறிவித்துவிட்டார்கள்.

நான் இருக்கிற அமெரிக்க ஊரிலிருந்து காரில் போனால் ஒரு மலைக்காடு வரும். ராணுவத்தில் உயிர் விட்டவர்களின் நினைவாக அங்கே வருஷா வருஷம் கோடையில் ஓட்டம் நடத்துகிறார்கள். தார் ரோடு கிடையாது. கல்லும் வேரும் சரளையுமாக ஒற்றையடிப் பாதை. முழு மராத்தான் ஓடுகிறவர்கள் மலையை இரண்டு சுற்று வரவேண்டும், பாதி ஓடுகிறவர்கள் ஒரு சுற்று. ஓடுகிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் ஒரு எண், முதுகில் இறந்துபோன ஒரு சிப்பாயின் பெயர்.

நான் ஓடியது தொப்பை குறைக்க இல்லை, யாரையும் கௌரவிக்கவும் இல்லை. என் ஒரே மகள் தாரிணி பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். அவளைத் தடுக்க ஓடினேன்.

2

நான் செராமிக் படித்தவன். படித்ததும் ஊரிலேயே, முதலில் வேலை பார்த்ததும் ஊர்த் தொழிற்பேட்டையில்தான். பியூஸ் கட்டை, ஜாடி, கொலு பொம்மை என்று எல்லாவற்றையும் சூளையில் வைத்து எடுத்திருக்கிறேன். இங்கே குளியலறைப் பீங்கான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சூளைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் என்ன வேலை என்று ஊரில் கேட்பவர்களிடம் 'பீங்கான்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். என்ன பீங்கான் என்று நோண்டிக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மகள் பள்ளிக்கூடத்தை முடித்து காலேஜில் சேர்ந்ததும் நானும் செல்வியும் ஊர் திரும்பிவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். செல்வி என் மனைவி. அண்ணன் வீட்டுக்கு மேலே எங்களுக்காக மாடி எடுத்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. செல்வி இங்கே புதிதாக ஒரு குக்கர் வாங்குவதைக்கூட நிறுத்தியிருந்தாள். அந்த நேரத்தில்தான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தாரிணி விஷயத்தைச் சொன்னாள்.

செல்வி கேட்டாள்: "பட்டாளத்துக்கா? யாரோட பட்டாளத்துக்கு?"

"நம்ம பட்டாளம்தாம்மா."

"நம்மளுதுன்னா எது?"

தாரிணி ரசத்தைக் குடித்தாள். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அவள் இங்கே பிறந்தவள். ஊருக்கு மூன்று தடவை வந்திருக்கிறாள். மூன்று தடவையும் கொசுக்கடியோடு திரும்பினாள்.

மறுநாளே ஆள் சேர்க்கிற அலுவலகத்துக்குப் போனேன். ஏதோ பெரிய கோட்டையாக இருக்கும் என்று நினைத்துப் போனால், ஒரு கடை வளாகத்தில் பீட்ஸா கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் இருந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்பில் ஒரு இளைஞர். பெற்றோர் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று கேட்டேன். போடும்போது கொஞ்சம் வம்பு பண்ணலாம், நாளைக் கடத்தலாம் என்று திட்டம்.

"தேவையில்லை சார். அவருக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது."

இந்த நாட்டில் நான் கையெழுத்துப் போடாத காகிதம் கிடையாது. விசாவுக்கு, அதை நீட்டிப்பதற்கு, பச்சை அட்டைக்கு, அது வருகிற வரைக்கும் வேலையை விடமாட்டேன் என்பதற்கு, வீட்டுக்கடனுக்கு. பள்ளிக்கூடத்தில் மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப் போகக்கூட என் கையெழுத்து வேண்டியிருந்தது. என் பெண்ணைத் துப்பாக்கி தூக்க அனுப்புவதற்கு மட்டும் வேண்டாமாம். கிளம்பும்போது அந்த இளைஞர் ராணுவச் சின்னம் போட்ட பேனா ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். அண்ணன் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஊரில் ஒரு பேங்க் வாசலில் செக்யூரிட்டி. பட்டாளத்துக் கஷ்டத்தை எல்லாம் எடுத்துச் சொல்லி அவளைக் கொஞ்சம் மிரட்டி வைக்கச் சொன்னேன். வீடியோவில் கூப்பிட்டு பெரியப்பாவும் மகளும் அரைமணி நேரம் பேசினார்கள். பக்கத்து அறையில் எனக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது.

"ஏண்ணே, மெரட்டச் சொன்னா பூட்ஸுக்கு எப்படி பாலிஷ் போடறதுன்னு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்க?"

"புள்ள கேட்டுச்சு, சொன்னேன். கேக்கறதுக்குப் பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

"நீ பட்டாளத்துக்குப் போனப்ப அம்மா எப்படி அழுதுச்சு, மறந்துட்டியா?"

"நீ பிளேன் ஏறுனப்பவும்தான் அழுதுச்சு. நான் வருசா வருசம் லீவுல வந்தேன். நீ?"

வேலையிருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அண்ணன் சண்டை போடுகிற ஆளே இல்லை. எப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார், அது ஒரு வாரத்துக்கு அடிவயிற்றில் கிடக்கும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தது தாரிணிதான். "என்கூட ஒரே ஒரு ரன் வாங்கப்பா. அப்புறம் என்ன வேணா சொல்லுங்க, கேக்கறேன்."

செல்வி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் குசுகுசுத்தாள். "அரை நாளு ஒங்க கையில இருப்பா. ஃபோனும் இருக்காது. எதையாவது பேசி மனச மாத்திட்டு வாங்க. அவ அங்க கையெழுத்து போட்டுட்டா நாம எங்கயும் நவுர முடியாதுங்க."

அவள் சொன்னது உண்மைதான். மகளை ராணுவத்தில் விட்டுவிட்டு, ராத்திரி பகல் மாறிக் கிடக்கிற ஒரு ஊரில் போய் உட்கார்ந்துகொள்ள எந்தப் பெற்றோரால் முடியும்?

3

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. தாரிணி முழு மராத்தானுக்கும் நான் பாதிக்கும் பெயர் கொடுத்திருந்தோம். வழியில் செத்தால் யாரும் பொறுப்பில்லை என்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். இதற்கு மட்டும் என் கையெழுத்து வேண்டியிருந்தது. ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு, முதுகில் குத்த ஒரு பெயரைக் கொடுத்தார்கள். போலந்துப் பெயரோ என்னவோ, நாக்கு சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது. அதைச் சரியாகச் சொல்லித் தரும்படி கேட்டேன். கொடுத்த பெண்மணிக்கும் தெரியவில்லை.

தாரிணி குனிந்து என் ஷூ கயிற்றை இறுக்கிவிட்டாள். "அப்பா, முடியற வரைக்கும் ஷூவ மட்டும் கழட்டிடாதீங்க. ஹீட்ல கால் வீங்கிடும். அப்புறம் உள்ள போவாது."

"சூளைகிட்ட நின்னு வேலை பாக்கறவன்கிட்ட வெயிலப் பத்தி பேசறியா?"

"சூளைகிட்ட நீங்க ஓடறதில்லையே."

முதல் சமவெளியில் எனக்காக மெதுவாக வந்தாள். நான் இதற்காக வாரக்கணக்கில் தயாரித்த பேச்சு ஒன்று இருந்தது. அம்மாவின் ரத்த அழுத்தத்தில் ஆரம்பித்து, தாத்தா காலத்துக் கஷ்டத்தைத் தொட்டு, நாங்கள் எவ்வளவு பாடுபட்டு வந்தோம் என்பதில் முடியும். ஒழுங்காகப் பேசினால் யாரும் அழுதுவிடுவார்கள். "தாரிணி, ஒங்கம்மா இருக்காளே…" என்று தொடங்கினேன். அந்த இடத்தில்தான் மேடு ஆரம்பித்தது. பேச்சுக்கு மூச்சு வேண்டும் என்கிற விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. அம்மாவுக்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

"பேசாதீங்கப்பா, மூச்சு விடுங்க" என்றாள். இரண்டாவது மேட்டில் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் போயிட்டு ரெண்டாவது ரவுண்டுல ஒங்கள புடிக்கறேன்" என்று போய்விட்டாள். கொஞ்ச நேரம் அவள் முதுகில் இருந்த பெயர் மரங்களுக்கு நடுவில் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. பாதை ஒரு ஆள் அகலம். பின்னால் வரிசையாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், நான் திரும்பினால் அத்தனை பேரும் ஒதுங்க வேண்டும். இடது பக்கம் பாறை, வலது பக்கம் சரிவு. நடுவில் வெளியே போக ரோடு எதுவும் கிடையாது என்று தண்ணீர் கொடுத்த பையன் சந்தோஷமாகச் சொன்னான். உள்ளே வந்தால் சுற்றை முடித்துத்தான் வெளியே போகமுடியும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அப்படித்தான் இருக்கிறது. விசாவுக்காக வேலையை விட முடியாது, கடனுக்காக வீட்டை விட முடியாது, பிள்ளையின் படிப்புக்காக இந்த ஊரை விட முடியாது. ஒவ்வொன்றும் முடிந்தால் போய்விடலாம் என்று நினைத்தேன். எதற்கும் பலவந்தம் இல்லை, எல்லாவற்றிலும் நானே நடந்து உள்ளே போனேன். மாட்டிக்கொண்டேன் என்று யாரிடம் புகார் சொல்வது? எனக்கு அழுகை வந்தது. வேர்வையோடு வேர்வையாகப் போயிற்று.

4

மூன்றில் இரண்டு பங்கு வந்திருப்பேன். மேடு முடிந்து ஒரு நிழலான சமதளம். அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் திடீரென்று வாயை மூடி, ஓட்டத்தை விட்டு நடக்க ஆரம்பித்தார்கள். பாதையின் இரண்டு ஓரமும் படங்கள். இறந்துபோன சிப்பாய்களின் படங்களைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கொடி குத்தி நட்டிருந்தார்கள்.

முகங்களைப் பார்த்தேன். மீசை முளைக்காத முகங்கள். ஒருவனுக்கு நெற்றியில் பரு. ஒரு பெண், தாரிணியின் வயதுதான் இருக்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

நான் யோசித்துச் செய்யவில்லை. நம் வீட்டில் போய்ச் சேர்ந்தவர்களின் படத்துக்கு முன்னால் செருப்போடு நிற்போமா? கை தானாகக் கீழே போயிற்று. கயிற்றை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, காலுறையோடு நின்று கும்பிட்டேன். தாண்டிப் போனவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் டாக்டரைக் கூப்பிடவா என்று கேட்டார்.

கும்பிட்டு முடித்துவிட்டுக் காலை உள்ளே விட்டால் போகவில்லை. சூளையில் வைத்த மண் சூட்டுக்குச் சுருங்கும். என் கால் உப்பியிருந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தேன், குத்திப் பார்த்தேன். அப்போதுதான் மகள் சொன்னது நினைவுக்கு வந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்தப் பரு முகத்துப் பையனின் படத்துக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். என் வயது இருக்கும். எழுந்து வந்து கால் பிசகிவிட்டதா என்று கேட்டார். பதற்றத்தில் என் ஆங்கிலம் என்னைக் கைவிட்டது. இத்தனை வருஷம் தொழிற்சாலையில் கூட்டம் நடத்தியவன், "படம்… ஷூ… கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஷூவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. "என் மகன்தான் அது. அவன் கழற்றியதே இல்லை. வீடு பூராவும் சேறு" என்று சிரித்தார்.

பிறகு தரையில் மண்டியிட்டு என் ஷூவை எடுத்து, கயிற்றை முழுசாக உருவ ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் என் காலடியில் உட்கார்ந்து என் ஷூவைத் தொடுவதா? "ஐயோ வேணாம்மா" என்று தமிழிலேயே சொல்லிக் காலை இழுத்துக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. கயிறு இல்லாமல் காலை நுழைக்கலாம், நடக்கலாம், ஓடத்தான் முடியாது என்றார். பெயர் மார்த்தா என்றார்.

யாருக்காக ஓடுகிறீர்கள் என்று கேட்டார். முதுகில் இருந்த பெயரை என்னால் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னேன். மகள் பட்டாளத்துக்குப் போகப் போகிறாள், முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறாள், அவளைத் தடுக்க வந்தேன் என்றேன். சொல்லிவிட்டு, கேட்கக்கூடாததையும் கேட்டேன். "நீங்கள் தடுத்துப் பார்க்கவில்லையா?"

"தடுத்தேனே. பதினெட்டில் கேட்டான். அழுதேன், கத்தினேன், கார் சாவியை ஒளித்து வைத்தேன். எனக்காக ஒரு வருஷம் போகாமல் இருந்தான். அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போய்ச் சாப்பிடுவான். பிறகு போய்விட்டான்."

கயிற்றைச் சுற்றி என் கையில் வைத்தார்.

"அவன் செத்தது என் தப்பு இல்லை, யார் தப்பும் இல்லை. அதற்குப் பழகிவிட்டேன். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் பழக முடியவில்லை. அவன் என் வீட்டில்தான் இருந்தான்."

எனக்குக் கோபம் வந்தது. 'விடாதே, பிடித்து நிறுத்து' என்று சொல்வார் என்று நம்பித்தானே கேட்டேன்? இறந்தவனின் தாயே சொன்னாள் என்று மகளிடம் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். என் கையில் இருந்த கடைசி ஆயுதத்தையும் இந்தம்மா பிடுங்கிக்கொண்டார். கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.

5

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். இரண்டாவது சுற்றில் தாரிணி வந்தாள். நல்ல வேகத்தில் வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"கழட்டிட்டீங்களா?"

"படம் இருந்துச்சும்மா."

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. படங்களைப் பார்த்தாள். தன் ஷூவைப் பார்த்தாள். அவள் கழற்றவில்லை. நெஞ்சில் கையை வைத்து விறைப்பாக நின்றாள். அவளுக்குத் தெரிந்த கும்பிடு அதுதான். அப்போது ஒன்று புரிந்தது. நான் எவ்வளவு பேசினாலும் இவளை வந்த வழியில் திருப்ப முடியாது. அவள் அவளுடைய ஊரில் நிற்கிறாள்.

மார்த்தாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினோம். நான் கயிறில்லாத ஷூவில் சரக் சரக்கென்று நடக்க, அவள் தன் நேரத்தை எல்லாம் விட்டுவிட்டு என்னோடு நடந்தாள். பாதை அகன்ற இடங்களில் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். போன வியாழக்கிழமையே சைன் பண்ணிட்டேன்."

நடந்துகொண்டே இருந்தேன். நிற்கக்கூட இடம் இல்லாத பாதை.

"அப்புறம் எதுக்கு என்னை ஓடச் சொன்ன?"

"நீங்க கத்தறதுக்கு ஒரு எடம் வேணும்ல? வூட்ல கத்துனா அம்மா அழுவாங்க. கத்துங்கப்பா. யாருக்கும் புரியாது."

வாயைத் திறந்தேன். இப்போது மேடு இல்லை, மூச்சும் இருந்தது. தயாரித்த பேச்சு முழுசாக நினைவில் இருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போவதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

"எப்ப கெளம்பணும்?" என்று கேட்டேன்.

தாரிணி நடுப்பாதையில் நின்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கழுத்தில் ஒரு பதக்கம் மாட்டி ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். செல்வியின் அழைப்புகள் வரிசை கட்டி நின்றன. எடுத்ததும் கேட்டாள்: "என்னாங்க, சம்மதிச்சாளா?"

"நான் சம்மதிச்சுட்டேன் செல்வி."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

6

அது நடந்து வருஷம் ஒன்றாகப் போகிறது. தாரிணி பயிற்சி முடிந்து தூரத்து மாநிலம் ஒன்றில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். குரல் மாறிவிட்டது, எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்கிறாள். இந்த நாட்டில் கெட்ட செய்தியை ஃபோனில் சொல்லமாட்டார்களாம், உடுப்புப் போட்ட இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார்களாம். தெரியாமலே இருந்திருக்கலாம். இப்போதெல்லாம் வாசலில் பார்சல் வண்டி நின்றால்கூட செல்வி ஜன்னல் பக்கம் போகமாட்டாள், என்னைத்தான் அனுப்புவாள்.

அவள் என்னோடு சரியாகப் பேச மழைக்காலம் போய், பனி போய், அடுத்த வெயில் வரவேண்டியிருந்தது. இந்த மின்னஞ்சல் வந்த அன்று நானே தொடங்கினேன். தாரிணி வாழ்க்கையை அவள் பார்த்துக்கொள்கிறாள், நாம் பேசி வைத்தபடி ஊருக்குப் போய்விடலாமா, மாடி சும்மாதானே கிடக்கிறது என்றேன். எங்கள் இரண்டு பேரில் ஊருக்குப் போக அதிகம் துடித்தவள் அவள். சரி என்பாள் என்றுதான் நினைத்தேன்.

செல்வி பிறந்தது கம்மாபுரம் பக்கம். கல்யாணமாகி நாங்கள் இங்கே வந்தபிறகு அவர்கள் ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை நாங்கள் போனபோது அவளுக்கு அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம். அண்ணன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். அதைப் பற்றி அதன்பிறகு அவள் பேசியதே இல்லை. இப்போதுதான் பேசினாள்.

"அன்னைக்கு நான் போயி நின்னனே, ஞாபகம் இருக்குதா? எங்க வூடு இருந்த எடத்துல பள்ளந்தான் இருந்துச்சு. தண்ணி குடுக்கக்கூட ஒரு ஆளு இல்ல. நாம கெளம்பிட்டம்னா அவளுக்கு லீவு வுட்டா எங்கங்க வருவா?"

நான் வாதாடவில்லை. அண்ணனுக்கு ஃபோன் போட்டு, மாடியை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடச் சொன்னேன். "சரிப்பா" என்றார். பாப்பா எப்படி இருக்கிறாள், வேளைக்குச் சாப்பாடு போடுகிறார்களா என்று விசாரித்தார். எப்போது பேசினாலும் ஃபோனை வைப்பதற்கு முன்னால் "எப்பப்பா வர்ற?" என்று கேட்காமல் அவர் வைத்ததில்லை. அன்றைக்கு அவர் கேட்கவில்லை.